சொன்னவரும் கேட்டோரும்: குழு உரையாடலை வரைபடமாக்குதல்

தடுப்பூசியை ஒரு தாய் ஏன் தள்ளிப்போடுகிறாள், காசநோய் மாத்திரையை ஒருவர் பாதியில் நிறுத்துவது எதனால், மார்பில் கட்டி தென்பட்ட பெண் மருத்துவரிடம் செல்லாமல் மாதக்கணக்கில் காத்திருப்பது ஏன் என்பன போன்ற கேள்விகளுக்கு இரத்தப் பரிசோதனையிலும் கருத்துக்கணிப்புப் படிவத்திலும் விடை கிடைப்பதில்லை என்பதால், சுகாதார ஆய்வாளர்கள் மக்களைச் சிறு குழுவாக அமரவைத்துத் தங்களுக்குள் பேசவிட்டுக் கேட்கும் முறையை நாடுகின்றனர். ஆறு முதல் எட்டுப் பேர், பேசுவதற்கு ஒரு பொருள், பேச்சை நடத்திச் செல்ல ஒரு நெறியாளர், நடப்பதை எழுதிக்கொள்ள ஒரு குறிப்பாளர், ஓர் ஒலிப்பதிவுக் கருவி, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகியவையே இதற்குத் தேவை. பேச்சு ஒரு பொருளின்மீது குவிக்கப்படுவதால் இது குவிமையக் குழு எனப்படுகிறது, களப்பணியாளர்கள் 'எஃப்.ஜி.டி.' (ஃபோகஸ் குரூப் டிஸ்கஷன்) என்ற சுருக்கப் பெயராலேயே இதைக் குறிப்பிடுகின்றனர்.

எளிய முறைதான். ஆனால் ஒலிப்பதிவுக்கும் அறிக்கைக்கும் இடையில் ஏதோ ஒன்று தொலைந்துபோகிறது. அறையில் நடந்தது உரையாடல். அறிக்கையில் அச்சாவதோ தனித்தனி மேற்கோள்கள். ஒருத்தி சொன்னதைக் கேட்டு அடுத்தவள் சிரித்ததும், மூன்றாமவள் தன் கருத்தை மாற்றிக்கொண்டதும், நான்காமவள் கடைசிவரை வாய் திறக்காததும் அந்த மேற்கோள்களில் இருப்பதில்லை. இப்படித் தொலைந்துபோவதை மீட்டுத் தாளில் பதிக்கும் முயற்சியே குழு இயக்கவியலை, அதாவது ஒரு குழுவுக்குள் யார் யாரை எவ்வாறு பாதிக்கின்றனர் என்பதை, வரைபடமாக்குதல்.

இந்தக் குறை ஓரளவுக்கு முறையின் பிறப்பிலேயே இருந்தது எனலாம். 1941 நவம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டு, தம் சக பேராசிரியர் ராபர்ட் மெர்ட்டனை ஒரு வானொலி ஆய்வைக் காண அழைத்துச் சென்றார். அங்கே அமர்ந்திருந்த நேயர்கள் நிகழ்ச்சியின் ஒரு பகுதி பிடித்தால் பச்சைப் பொத்தானையும் பிடிக்காவிட்டால் சிவப்புப் பொத்தானையும் அழுத்தினர். நிகழ்ச்சி முடிந்தபின், அழுத்தியதற்கான காரணங்கள் அவர்களிடம் கேட்கப்பட்டன. கேள்வி கேட்ட விதத்தில் மெர்ட்டன் கண்ட குறைகளிலிருந்து வளர்ந்த முறையை, அவரும் பாட்ரிஷியா கெண்டலும் 1946இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியைக் கேட்டவர் அதை எவ்வாறு உணர்ந்தார் என்பதே அவர்களுடைய அக்கறையாக இருந்தது. பொத்தானை அழுத்தியது தனி விரல். தேடப்பட்டதும் தனி மனிதரின் உணர்வுதான். பின்னர் பல ஆண்டுகள் பெரும்பாலும் வணிகச் சந்தை ஆய்வாளர்கள் கையில் இருந்த இம்முறை, 1980களில் சுகாதார ஆய்வுக்குள் பரவலாக நுழைந்தது.

அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த எய்ட்ஸ் ஊடக ஆய்வு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். எய்ட்ஸ் பற்றிய செய்திகளை மக்கள் எப்படிப் புரிந்துகொள்கின்றனர் என்பதை அறிய, ஜென்னி கிட்ஸிங்கரும் உடன் பணியாற்றியோரும் 52 குழுக்களில் 351 பேரைச் சந்தித்தனர். முன்பின் அறியாதவர்களைக் கூட்டி வைப்பதே நல்லது என்று சந்தை ஆய்வாளர்கள் கருதிவந்த நிலையில், கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஏற்கெனவே ஒன்றாக வாழ்ந்தும் வேலை செய்தும் பழகியும் வந்தவர்களையே பெரும்பாலும் குழுக்களாக எடுத்துக்கொண்டனர். எந்த வட்டத்தில் ஒருவர் நோயைப் பற்றி உண்மையில் பேசிக்கொள்கிறாரோ அந்த வட்டத்திலேயே அவருடைய பேச்சைக் கேட்பது இதன் நோக்கம். குழுவினரிடம் ஒரு கட்டு அட்டைகள் கொடுக்கப்பட்டன. ஒவ்வோர் அட்டையும் ஒருவகை மனிதரைக் குறித்தது. யாருக்கு எந்த அளவு எய்ட்ஸ் ஆபத்து என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்து அட்டைகளைத் தனித்தனி அடுக்காக வைக்க வேண்டும். தொலைக்காட்சிச் செய்திப் படங்களைக் கொடுத்து, அவற்றுக்குப் பொருந்தும் செய்தியறிக்கையைக் குழுவே எழுதும் விளையாட்டும் இருந்தது. கையில் அட்டை இருக்கும்போது பேச்சு ஆய்வாளரை நோக்கிச் செல்வதில்லை. அட்டையை எங்கே வைப்பது என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாதாட வேண்டியிருக்கிறது. எந்தக் கேள்வித்தாளாலும் வெளிக்கொணர முடியாத நியாயங்கள் அந்த வாதத்தில் வெளிவந்தன.

பழகியவர்கள் ஒன்றாக அமர்ந்ததால் மற்றொரு பயனும் விளைந்தது. ஒருவர் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியை ஆய்வாளரால் கண்டுபிடிக்க முடியாது, உடனிருப்பவரால் முடியும். நோயாளியிடம் இரத்தம் எடுத்தபோது கையுறை அணியாத ஒரு நாளை நினைவூட்டி ஒருவரை அவருடைய சக ஊழியர் மடக்கிய தருணத்தைக் கிட்ஸிங்கர் குறிப்பிடுகிறார். தனி நேர்காணலாக இருந்திருந்தால், எச்சரிக்கையுடன் நடந்துகொள்வதாக அவர் சொன்ன சொல் மட்டுமே பதிவாகியிருக்கும்.

1994இல் வெளியான கட்டுரையில் கிட்ஸிங்கர் முன்வைத்த குற்றச்சாட்டு இன்றும் பழையதாகவில்லை. குவிமையக் குழு ஆய்வு என்ற பெயரில் வெளியான நாற்பதுக்கும் மேற்பட்ட அறிக்கைகளை அவர் படித்துப் பார்த்தபோது, பங்கேற்பாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை மையமாகக் கொண்ட அறிக்கை ஒன்றுகூட அகப்படவில்லை. ஒரே இடத்தில் ஒருவருக்கு மேற்பட்டோரின் பேச்சை மேற்கோள் காட்டியவையும் மிகச் சிலவே. எட்டுப் பேரைக் கூட்டிவைத்துவிட்டு, எட்டு நேர்காணல்கள் நடந்ததைப் போல எழுதுவது சோம்பலால் நேரும் பிழை மட்டுமன்று; அது தரவையே திரிக்கும் பிழை.

ஏன் திரிபு என்பதை உளவியலின் புகழ்பெற்ற சோதனை ஒன்று காட்டுகிறது. சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கோட்டுக்குச் சமமான நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று வாய்விட்டுச் சொல்லும்படி குழுவினர் கேட்கப்பட்டனர். குழுவில் ஒருவர் மட்டுமே உண்மையான பங்கேற்பாளர். மற்றவர்கள் முன்கூட்டியே பேசிவைத்தபடி சில சுற்றுகளில் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் விடையையும் விட்டுவிட்டு, அந்தச் சுற்றுகளில் உண்மையான பங்கேற்பாளர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறை பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்தனர். பங்கேற்றவர்களில் நால்வரில் மூவர் ஒரு முறையாவது சாய்ந்தனர். சுகாதார ஆய்வாளருக்கு இதைவிட முக்கியமானது சோதனையின் மற்றொரு வடிவம்: சரியான விடையைச் சொல்லும் ஒரே ஒரு துணைவர் குழுவில் இருந்தால் போதும், தவறான விடைகள் 5 விழுக்காட்டின் அளவுக்கு இறங்கிவிட்டன. ஆகவே ஒரு குழுவில் எத்தனை பேர் ஒப்புக்கொண்டனர் என்று எண்ணினால் மட்டும் போதாது. முதலில் பேசியவர் யார், முதல் மறுப்பு எப்போது வந்தது, அந்த மறுப்புக்குப் பின் வேறு யார் வாய் திறந்தார்கள் என்ற வரிசையும் தெரிய வேண்டும். கோட்டின் நீளத்திலேயே இவ்வளவு சாய்வு என்றால், கருக்கலைப்பைப் பற்றியோ மனநோயைப் பற்றியோ பேசும் வட்டத்தில் அது எவ்வளவு இருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

ஆனால் கூட்டம் வாயை அடைக்கும் என்று மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் டர்ஹாம் நகரில் கிரெக் கெஸ்ட்டும் குழுவினரும் 350 ஆப்பிரிக்க அமெரிக்க ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரிடம் 40 குவிமையக் குழுக்களிலும் மறு பகுதியினரிடம் 40 தனி நேர்காணல்களிலும் ஒரே கேள்விகளைக் கேட்டனர். 2017இல் வெளியான முடிவுகள் பலருடைய எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தன: சொந்த வாழ்வின் கூச்சமான செய்திகளில் சில வகைகள் தனிமையைவிடக் குழுவிலேயே கூடுதலாக வெளிப்பட்டன. தன்னைப் போன்ற ஒருவர் முதலில் சொல்லிவிட்டால், அடுத்தவருக்குச் சொல்வது எளிதாகிறது என்பது இதற்குப் பொருத்தமான விளக்கம். குழு சிலரை ஊமையாக்குகிறது, சிலருக்கு நாவைத் தருகிறது. எந்தக் குழுவில் எது நடந்தது என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்தே அறிய வேண்டும். வரைபடத்தின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

மனித உறவுகளைப் புள்ளியும் கோடுமாக வரையும் பழக்கத்துக்கு வழிகாட்டியவர் ஜேகப் மொரினோ. 1932இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் இருந்த பெண்கள் பயிற்சிப் பள்ளியிலிருந்து இரண்டே வாரங்களில் 14 பெண்கள் தப்பி ஓடியபோது, காரணத்தை ஒவ்வொரு பெண்ணின் குணத்திலும் தேடாமல், யார் யாரோடு ஒட்டினார்கள், யார் யாரை ஒதுக்கினார்கள் என்ற உறவுப் பின்னலில் அவர் தேடினார். பெண்களைப் புள்ளிகளாகவும் அவர்களுக்கிடையிலான விருப்பு வெறுப்புகளைக் கோடுகளாகவும் அவர் வரைந்த படம் சோஷியோகிராம், அதாவது சமூக உறவு வரைபடம், எனப்பட்டது. 1950இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பேல்ஸ் அடுத்த படிக்குச் சென்றார். உறவை மட்டுமன்றிப் பேச்சையே அவர் வகைப்படுத்தினார்: கேட்பது, கருத்துச் சொல்வது, ஒப்புக்கொள்வது, மறுப்பது, இறுக்கத்தைத் தளர்த்துவது என 12 வகைகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவர் சொன்னதும் எவ்வகை, யாரை நோக்கியது என்பதை உடனுக்குடன் குறித்தார். சிறு குழுக்களில் பேச்சு ஒருபோதும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதும், ஓரிருவரே பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றனர் என்பதும் இத்தகைய பதிவுகளால் உறுதிப்பட்டன.

இன்றைய சுகாதார ஆய்வில் குழுவின் வரைபடம் குறிப்பாளரின் கையில் தொடங்குகிறது. அவர் முதலில் அமர்ந்திருக்கும் வரிசையை வரைந்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கிறார், பெயர்கள் எழுதப்படுவதில்லை. ஒருவர் பேசத் தொடங்கி நிறுத்தும்வரையிலான பகுதியை ஒரு கூற்று என்று கொண்டால், ஒவ்வொரு கூற்றும் யாரிடமிருந்து யாரை நோக்கிச் சென்றது என்பது ஓர் அம்புக்குறியாகிறது. எட்டுப் பேர் கொண்ட குழுவில் இத்தகைய அம்புகள் 56 திசைகளில் செல்லக்கூடும். ஆறு பேரில் 30 திசைகள், பன்னிரண்டு பேரில் 132. ஆள் இரட்டிப்பானால் திசைகள் நான்கு மடங்குக்கு மேல் பெருகுவதால், பெரிய குழுவில் யாருக்கும் யாரோடும் முழுமையாகப் பேச வாய்ப்பில்லை. நான்கு முதல் எட்டுப் பேர் போதும் என்று கிட்ஸிங்கர் 1995இல் எழுதியதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்கலாம்.

விளக்கத்துக்காக ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்ளலாம். துணை சுகாதார நிலையம் ஒன்றில், பிரசவத்துக்குப் பிந்தைய கருத்தடை பற்றி எட்டுப் பெண்கள் பேசுகின்றனர். மொத்தம் 200 கூற்றுகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 150 கூற்றுகள் நெறியாளருக்கும் யாரோ ஒரு பெண்ணுக்கும் இடையில் சென்று வந்திருந்தால், படம் வண்டிச் சக்கரம் போல இருக்கும்: நடுவில் குடமாக நெறியாளர், ஆரங்களின் முனைகளில் பெண்கள். அங்கே குழு உரையாடல் நடக்கவில்லை; வரிசையாக எட்டு நேர்காணல்கள் நடந்தன, அவ்வளவே. மாறாக, அம்புகள் வலைபோல் குறுக்கும் நெடுக்கும் ஓடி, நெறியாளர் ஓரத்தில் நின்றிருந்தால் குழு தானே பேசியது என்று கொள்ளலாம். வலைக்குள்ளும் வேறு செய்திகள் உண்டு. 90 கூற்றுகள் இரண்டே பெண்களுடையவையாக இருக்கலாம். ஐந்தே முறை பேசிய மூத்த பெண் ஒருவரின் முகத்தை, ஒவ்வொருத்தியும் பேசி முடித்ததும் ஓரக்கண்ணால் பார்த்திருக்கலாம். எண்ணிக்கையின்படி அவர் வட்டத்தின் விளிம்பில் இருப்பவர். பார்வைகளையும் அம்புகளாக வரைந்தால் அவரே மையம். பேசாமலேயே ஆளும் அதிகாரத்தை ஒலிப்பதிவுக் கருவி ஒருபோதும் கேட்பதில்லை. அதனால்தான் குறிப்பாளர் என்ற இரண்டாவது ஆள் செலவு மிச்சத்துக்காக விட்டுவிடக் கூடியவர் அல்லர்.

அம்புப் படத்தோடு சேர்த்துப் பயன்படும் மற்றொரு கருவி ஒப்புதல் கட்டம். அமெரிக்க ஆய்வாளர் அந்தோணி ஆன்வெக்பூசியும் உடன் எழுதியோரும் 2009இல் பரிந்துரைத்த இந்த எளிய அட்டவணையில், ஒரு பக்கம் கேள்விகள், மறுபக்கம் பங்கேற்பாளர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆள் அந்தக் கேள்விக்கு ஒப்புதல் காட்டினாரா, மறுத்தாரா, தன் அனுபவத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லி ஒப்பினாரா அல்லது மறுத்தாரா, எதுவும் சொல்லவில்லையா என்பது குறிக்கப்படும். முன்சொன்ன குழுவில் ஒரு கேள்விக்கு மூவர் ஒப்புக்கொண்டு பேசினர், ஒருவர் தலையாட்டினார், ஒருவர் மறுத்தார், மூவர் எதுவும் சொல்லவில்லை என்றால், பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டனர் என்று எழுதும் வழக்கம் உண்டு. கட்டம் காட்டும் உண்மை வேறு: எட்டில் நால்வர், அதிலும் ஒருவரின் ஒப்புதல் வெறும் தலையசைப்பு.

மூன்று பேர் எதுவும் சொல்லவில்லை என்ற அந்தக் குறிப்பே வரைபடத்தின் கடினமான பகுதி. மௌனம் ஒப்புதலாக இருக்கலாம், அச்சமாக இருக்கலாம், அறியாமையாகவோ சலிப்பாகவோ இருக்கலாம். குழந்தை அழுததால் நேர்ந்ததாகவும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய ஓரளவு உதவுவது நேரம். உரையாடல் பகுப்பாய்வு என்னும் துறை, பேச்சுக்கும் பேச்சுக்கும் இடையிலான இடைவெளியை வினாடியின் பகுதிகளில் அளக்கிறது. உலகின் பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆம் அல்லது இல்லை என்று விடை வேண்டும் கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையே சராசரியாக வினாடியின் ஐந்தில் ஒரு பங்கே கழிந்தது. ஒப்புதல் விரைந்து வருகிறது. மறுப்போ தயங்கி, இழுத்து, 'அப்படியும் சொல்லலாம், ஆனால்' என்பது போன்ற முன்னுரையோடு வருகிறது என்பதை அனிட்டா பாமெரன்ட்ஸ் 1984இல் விரிவாகக் காட்டியிருந்தார். எனவே, ஒரு கேள்விக்குப் பின் இரண்டு வினாடி அமைதி நிலவி அதன்பின் ஒருத்தி 'சரிதான்' என்றால், எழுத்தில் அது ஒப்புதல். கடிகாரத்தின்படி அது விழுங்கப்பட்ட ஒரு மறுப்பாக இருக்கக்கூடும். இடைவெளிகளைக் குறிக்காத எழுத்துப்படி இந்த வேறுபாட்டைத் துடைத்துவிடுகிறது.

தமிழில் நடக்கும் குழு உரையாடல்களுக்கு இன்னோர் இழப்பும் நேர்கிறது. ஒலிப்பதிவு தமிழில் இருக்க, பகுப்பாய்வு பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பின் மீது நடக்கிறது. 'நீ'யும் 'நீங்க'ளும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடுவதால், யார் யாரைத் தாழ்த்தி அழைத்தார், யார் யாருக்கு மரியாதை கொடுத்தார் என்ற படிநிலை முழுவதும் மறைந்துபோகிறது. இதைவிடப் பெரிய இழப்பு 'நாங்க'ளுக்கும் 'நாம'வுக்கும் உள்ள வேறுபாடு. பேச்சின் தொடக்கத்தில் 'எங்க தெருவில நாங்க இதெல்லாம் போட்டுக்க மாட்டோம்' என்று எதிரில் இருப்பவர்களை வெளியே நிறுத்திப் பேசிய பெண், அரைமணி நேரம் கழித்து 'நாம எல்லாரும் பயந்துக்கிட்டுதானே இருக்கோம்' என்று அவர்களையும் உள்ளே சேர்த்துப் பேசினால், ஒரு குழு உருவான நொடியே அதுதான். அந்த நொடியைத் தமிழ் தன் இலக்கணத்திலேயே பதிந்து வைத்திருக்க, மொழிபெயர்ப்பு அதை அழித்துவிடுகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் அறையில் இருந்தால், 'நர்சம்மா' என்ற விளி எத்தனை கூற்றுகளின் முடிவில் வருகிறது என்று எண்ணினாலே, அந்தப் பேச்சு யாரைக் குறிவைத்துப் பேசப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

கூற்று என்ற சொல் மேலே தற்செயலாகக் கையாளப்படவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் 34 உறுப்புகளில் கூற்றையும், கேட்போரையும், களத்தையும், காலத்தையும் தனித்தனி உறுப்புகளாக எண்ணுகிறது. சொல்லாமல் விடப்பட்டு எஞ்சி நின்று பொருள் தருவதையும் எச்சம் என்ற பெயரில் ஓர் உறுப்பாகவே கொள்கிறது. இன்னார் இன்னாரிடம் இன்ன இடத்தில் சொன்னது என்று தெரியாமல் ஒரு பேச்சின் பொருள் விளங்காது என்ற தெளிவு, அகப்பாட்டைப் படித்த உரைகாரர்களுக்கு இருந்தது. சுகாதார ஆய்வின் எழுத்துப்படியைப் படிக்கும் தமிழ் ஆய்வாளர் அந்தக் கண்ணை எங்கிருந்தும் கடன் வாங்க வேண்டியதில்லை.

வரைபடத்துக்கு எல்லைகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அம்பு எங்கே சென்றது என்று அது காட்டும். ஏன் சென்றது என்பதைக் காட்டாது. பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஊரையும் உறவையும் அறிந்து, பொருள் காண்பது மனிதர் செய்ய வேண்டிய வேலை. மேலும், குழுவில் சொல்லப்பட்டதை ஆய்வாளர் இரகசியமாகக் காக்கலாம். உடனிருந்த ஏழு பேரும் காப்பார்கள் என்று அவரால் உறுதி தர முடியாது.

நீண்டகாலப் பராமரிப்பில் தங்கியிருந்தவர்களிடம் நடத்தப்பட்ட ஒரு குழு உரையாடலைக் கிட்ஸிங்கர் எடுத்துக்காட்டுகிறார். ஒருவர் ஊழியர்களைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கியதும், உடனிருந்த சிலர் பதற்றத்தோடு குறுக்கிட்டு, குறையே சொல்லக் கூடாது, ஊழியர்களைப் போல நல்லவர்கள் கிடையாது என்று மீண்டும் மீண்டும் அடக்கினர். மேற்கோள்களை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால், பராமரிப்பில் நிறைவு என்றே அறிக்கை முடிந்திருக்கும். யார் யாருடைய பேச்சில் குறுக்கிட்டார் என்று பார்த்ததால்தான், வாய் திறந்தால் தண்டனை வரும் என்று அவர்களில் சிலர் அஞ்சியது வெளியே தெரிந்தது. பங்கேற்பாளர்கள் அனைவரும் ஒப்புக்கொண்டனர் என்ற வரியை ஒரு சுகாதார அறிக்கையில் காணும் வாசகர், அதை முதலில் சொன்னவர் யார், அப்போது அறையில் வேறு யார் இருந்தார்கள், எத்தனை பேர் எதுவும் சொல்லவில்லை என்ற மூன்றையும் கேட்க வேண்டும். விடை அந்த அறிக்கையில் இல்லையென்றால், அந்த வரியை நம்பக் கூடாது.